விருந்தாளிப் பழம்

சுழியாற்றின் இக்கரையில் ஒரு அத்திமரம் நின்றது. அக்கரையில் இன்னொரு அத்திமரம் நின்றது. இக்கரை முழுக்க மணல், அதனால் இது மணலத்தி. அக்கரை முழுக்கப் பாறை, அதனால் அது பாறையத்தி. நடுவில் ஆறு தன் பாட்டுக்குச் சுழித்துக்கொண்டு ஓடியது.

மணலத்தியின் அடியில் மெல்லி என்ற சருகுமான் தன் குட்டியை நக்கிக்கொண்டிருந்தாள். சருகுமான் என்றால் மானிலேயே குட்டையான மான். முயலைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். அதன் குட்டி எவ்வளவு இருக்கும்? ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பெயர் பொட்டு. பெயருக்கு ஏற்ற அளவு!

மெல்லி முன்பெல்லாம் எதற்கும் பயப்படமாட்டாள். பொட்டு பிறந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் பயந்தாள். இலை விழுந்தால் பயம். இலை விழாமல் அமைதியாக இருந்தால் அதைவிடப் பயம். இப்போது அவளுடைய பெரிய பயம் ஆறு.

ஏனென்றால் மழை வரப்போகிறது.

மழைக்காலத்தில் அந்தக் காட்டுச் சிறுத்தைக்குப் பசி அதிகம். தனியாக அகப்பட்டவர்களை அது விடாது. அதனால் எல்லா விலங்குகளும் ஒரே மரத்தடியில் சேர்ந்து குடியிருக்கும். காட்டெருமைகள் சுற்றி நிற்கும், குரங்குகள் மேலே காவல் இருக்கும், சிறுத்தை கிட்டேயே வராது. எந்த மரத்தடி என்பதைப் பழத்தின் ருசியை வைத்து முடிவு செய்வார்கள். எந்த அத்தி இனிக்கிறதோ அந்த மரம். அடுத்த மழை வரைக்கும் அங்கேதான் குடித்தனம்.

இப்போது குடியிருப்பது மணலத்தி. இந்த முறை பாறையத்தி ஜெயித்தால் ஆற்றைக் கடக்க வேண்டும்.

போன வருடம் முயலம்மாவின் மூன்று குட்டிகள் காட்டெருமையின் முதுகில் ஏறி ஆற்றைக் கடந்தன. கரை சேர்ந்தபோது முதுகில் இரண்டுதான் இருந்தன. அன்றைக்கு மெல்லிக்குக் குட்டி இல்லை. "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுப் பழம் தின்னப் போய்விட்டாள். இப்போது அந்த மூன்றாவது குட்டியின் முகம் கண்ணை மூடினால் வந்து நிற்கிறது.

ருசி பார்க்கும் நாளும் வந்தது. தலைவர் கொம்பையா மேட்டில் ஏறி நின்றார். காட்டெருமை, ஆனால் பேச்சு மெதுவாகத்தான் இருக்கும்.

"எல்லாரும் வழக்கப்படி நேத்து மத்தியானத்திலிருந்து பட்டினியா?" என்று கேட்டார்.

"பட்டினி, பட்டினி!" என்றது கூட்டம். வயிறுகளும் சேர்ந்து சொன்னது போலக் கேட்டது.

"நல்லது. ருசி பார்க்கிறவங்க வெறும் வயிறா இருக்கிறதுதான் பழத்துக்கு மரியாதை. இனி அடுத்த மரியாதை. அக்கரைப் பழம் விருந்தாளி. ஆறு தாண்டி நம்மளைத் தேடி வந்திருக்கு. விருந்தாளியைக் காக்க வைக்கிறது நம்ம காட்டு வழக்கம் இல்லை. அதை முதல்ல கொண்டாங்க!"

குரங்குகள் பாறைக்குப் பாறை தாவி அக்கரையிலிருந்து கொத்துக் கொத்தாகக் கவ்வி வந்த பழங்களை வைத்தன. மரநாய் ருசியப்பன் முன்னால் வந்தார். மூன்று தலைமுறையாக அந்தக் காட்டில் ருசி சொல்வது அவர் குடும்பம்தான். வாலை ஒதுக்கி உட்கார்ந்தார். ஒரு பழத்தை எடுத்தார், கண்ணை மூடினார், மென்றார்.

"ஆஹா!" என்றார். "தேனு! நாக்குல வச்சதும் உச்சந்தலை வரைக்கும் ஏறுது!"

பிறகு மணலத்தியின் பழத்தை எடுத்தார். மென்றார். முகம் சுருங்கியது.

"சப்புன்னு இருக்கு. ஈரத் துணியைக் கடிச்ச மாதிரி."

மற்றவர்களும் அதே வரிசையில் தின்று பார்த்தார்கள். "ஆமாம், அக்கரைப் பழம்தான் இனிப்பு! ருசியப்பன் சொன்னா சரியாத்தான் இருக்கும்!" என்றார்கள்.

"முடிஞ்சுது!" என்றார் கொம்பையா. "நாலாம் நாள் காலையில ஆத்தைக் கடக்கிறோம்!"

மெல்லி திரும்பி ஆற்றைப் பார்த்தாள்.

பொட்டு அவள் வயிற்றுக்கடியில் நின்று, "அம்மா, பசி" என்றது.

மெல்லி கீழே கிடந்த ஒரு கொத்திலிருந்து பழத்தை எடுத்துக் கொடுத்தாள். பொட்டு கடித்தது. காது இரண்டும் நிமிர்ந்தன. "அம்மா! அம்மா! இது நல்லாயிருக்கு! இன்னொண்ணு!"

பக்கத்துக் கொத்திலிருந்து இன்னொரு பழத்தைக் கொடுத்தாள். பொட்டு இரண்டு தரம் மென்றுவிட்டுத் துப்பியது. "சீ! இது நல்லாயில்லை."

"ஏன்டா, ரெண்டும் ஒரே மரம்டா!"

"அது நல்லாயிருந்துச்சு. இது நல்லாயில்லை" என்றது பொட்டு, முடிவாக.

ஒரு குழந்தைக்குச் சோறூட்டிய எவருக்கும் இது தெரியும். மெல்லியும் தினமும் பார்த்ததுதான். குட்டிக்கு வயிறு சரியில்லையோ, பழம் கெட்டுவிட்டதோ என்று பயந்து அவள் மிச்சத்தைத் தானே தின்று பார்ப்பாள். நன்றாகத்தான் இருக்கும்! இன்றைக்கும் தின்று பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்கு வாயில் இருந்த பழத்தை விழுங்காமல் அப்படியே நின்றுவிட்டாள்.

பசியில் தின்ற முதல் வாய்தான் தேன். பழம் எதுவாயிருந்தால் என்ன?

மறுநாள் காலையில் மாற்றிப் பார்த்தாள். முதல் நாள் பொட்டு துப்பிய கொத்தை முதலில் கொடுத்தாள். "நல்லாயிருக்கு!" அது கொண்டாடிய கொத்தை இரண்டாவதாகக் கொடுத்தாள். "சீ!"

மெல்லி குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாத குறையாகக் குரங்கு சிங்காரியிடம் போனாள். சிங்காரி கிளையில் தலைகீழாகத் தொங்கி வாலுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! போன வருஷம் எந்த மரம் ஜெயிச்சுது?"

"இதுதான். மணலத்தி. அதனாலதானே இங்க இருக்கோம். குட்டி பெத்ததும் புத்தி போயிருச்சா உனக்கு?"

"அப்போ நாம எங்க இருந்தோம்?"

"அக்கரையில."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"பாறையத்தி ஜெயிச்சுது. இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போனோம்."

"அதுக்கும் முந்தி?"

"மணலத்தி. அக்கரையிலிருந்து இக்கரைக்கு…" சிங்காரி பேச்சை நிறுத்தினாள். கையால் கிளையைப் பிடித்து நேராக உட்கார்ந்தாள். "அடியே மெல்லி. எந்தப் பக்கம் இருந்தாலும் எதிர்ப்பக்கம்தான் ஜெயிக்குது!"

"எதிர்ப்பக்கம்தான் விருந்தாளி. விருந்தாளிக்குத்தான் முதல் மரியாதை. முதல்ல தின்னதுதான் இனிக்குது, அக்கா!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பொட்டு சொன்னான்."

சிங்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லா இருக்குடி! கொம்பையாகிட்ட போய்ச் சொல்லு, என் குட்டி துப்பினான், அதனால ஊரை மாத்தாதீங்கன்னு!"

மெல்லிக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஒரு குட்டி துப்பியதை வைத்து யாரும் எதையும் சாதிக்க முடியாது. குட்டிகள் எதைத்தான் துப்பவில்லை? பெரியவர்களிடம் பார்க்க வேண்டும். ஒருவர் இருவர் போதாது, நிறையப் பேரிடம் பார்க்க வேண்டும்.

அன்று மத்தியானம் கூட்டத்தில் ஒரு மெல்லிய குரல் கேட்டது. யார் பேசியது என்று எல்லோரும் மேலே பார்த்தார்கள். பிறகு கீழே பார்த்தார்கள். சருகுமான்கள் கூட்டத்தில் பேசி அந்தக் காடு பார்த்ததில்லை.

"பெரியய்யா, ஒரு சின்னச் சந்தேகம்…" என்றாள் மெல்லி. பின்னால் பொட்டு அவள் காலைச் சப்பிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டில் மிச்சத்தையும் சொல்லிவிட்டாள். விருந்தாளிப் பழம், வெறும் வயிறு, முதல் வாய் எல்லாவற்றையும்.

ருசியப்பன் மீசையை நீவினார். "அதாவது, என் நாக்குக்குப் பழம் தெரியாது, வரிசைதான் தெரியும்ங்கிறியா?"

"உங்க நாக்கை மட்டும் சொல்லலை மாமா. எல்லார் நாக்கையும்தான்…"

"கேட்டுக்குங்க! எல்லார் நாக்கையுமாம்!"

கூட்டம் கொந்தளித்தது. "எங்களுக்கு ருசி தெரியாதா?" "முழங்கால் உயரம் இல்லை, பேச்சைப் பார்!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். முயலம்மா மட்டும் கத்தவில்லை. மெல்லியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொம்பையா குளம்பால் தரையைத் தட்டினார். "மெல்லி, விருந்தாளியை முன்னால வைக்கிறது நம்ம தாத்தன் பூட்டன் வழக்கம். அதையே தப்புங்கிறே. சரி, உனக்கு என்ன வேணும்?"

"இன்னொரு தரம் ருசி பார்க்கணும் பெரியய்யா. நான் சொல்ற மாதிரி. ஒரே ஒரு தரம்."

"அதிலயும் பாறையத்தி ஜெயிச்சா?"

மெல்லி பொட்டுவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஜெயிச்சா, நீ ஒரு வார்த்தை பேசாம குட்டியோட முதல் வரிசையில ஆத்துல இறங்கணும். சம்மதமா?"

பொட்டு காலைச் சப்புவதை நிறுத்திவிட்டு அம்மாவை அண்ணாந்து பார்த்தது.

"சம்மதம்" என்றாள் மெல்லி. சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

சோதனைக்கு மறுநாள் காலை குறித்தார்கள். சிங்காரி உதவிக்கு வந்தாள். சிரித்ததற்குப் பரிகாரம் என்று சொல்லிக்கொண்டாள்.

"முதல்ல பழம்" என்றாள் மெல்லி. "அக்கரையிலிருந்து எந்தப் பழத்தைக் கொண்டுவர்றீங்க?"

"அவ்வளவு தூரம் தாவிப் போயி அழுகலையா கொண்டுவருவோம்? இருக்கிறதிலேயே நல்லதா பார்த்துத்தான்."

"இங்கே?"

"இங்கே கீழே கிடக்கிறதை அள்ளுவோம்."

மெல்லி அவளைப் பார்த்தாள். சிங்காரி தலையைச் சொறிந்தாள். "சரி, சரி. ரெண்டு மரத்திலயும் ஒரே மாதிரி பழுத்ததா, ஒரே அளவா, மரத்திலிருந்தே பறிச்சுட்டு வரேன். போதுமா?"

"பிறகு ரெண்டையும் கல்லுல நசுக்கிரணும் அக்கா. பழத்தைப் பார்த்தே எந்த மரம்னு கண்டுபிடிக்கிறவங்க இருக்காங்க. நசுக்கி இலைத் தொன்னையில வச்சா யாருக்கும் தெரியாது."

"யாருக்கு முதல்ல எதைக் கொடுக்கிறது?"

இதைத்தான் மெல்லி நெடுநேரம் யோசித்திருந்தாள். "பன்னிரண்டு பேரு ருசி பார்க்கட்டும். ஆறு பேருக்குப் பாறையத்தி முதல்ல, ஆறு பேருக்கு மணலத்தி முதல்ல."

"எந்த ஆறு பேருக்கு? நாமே பிரிச்சா, வேண்டியவனுக்கு ஒண்ணு, வேண்டாதவனுக்கு ஒண்ணுன்னு ருசியப்பன் கத்துவாரு."

"நாம பிரிக்கவே வேண்டாம். புளியங்கொட்டை பிரிக்கட்டும்!"

பன்னிரண்டு புளியங்கொட்டைகளை எடுத்தார்கள். ஆறு கொட்டைகளைப் பாறையில் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கினார்கள். ஆறைக் கறுப்பாகவே விட்டார்கள். எல்லாவற்றையும் ஒரு சுரைக்குடுக்கையில் போட்டுக் குலுக்கினார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் சிங்காரி கண்ணை மூடிக்கொண்டு ஒரு கொட்டையை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் பாறையத்தி முதலில். கறுப்பு வந்தால் மணலத்தி முதலில். எடுத்த கொட்டையை மறுபடி குடுக்கையில் போடக் கூடாது. வரிசையாக அடுக்கி வைக்க வேண்டும்.

"நீ பாறைக்குப் பின்னால இருக்கணும் அக்கா. நான் முன்னால இருப்பேன். நீ தொன்னையை மட்டும் நீட்டு. எந்தக் கொட்டை வந்துச்சுன்னு எனக்குச் சொல்லக் கூடாது."

"உனக்கா? சோதனையே உன்னோடதுடி!"

"அதனாலதான். எனக்குத் தெரிஞ்சா என் காது துடிக்கும். மூக்கு விரியும். ருசி பார்க்கிறவங்க என் மூஞ்சியைப் பார்த்தே சொல்லிருவாங்க."

சிங்காரி சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரு. நான் ஒரு வழி சொல்றேன். கொட்டையெல்லாம் சும்மா ஒரு வேடிக்கைக்கு இருக்கட்டும். நான் பன்னிரண்டு பேருக்கும் மணலத்தியையே முதல்ல நீட்டிர்றேன். மணலத்தி ஜெயிச்சிரும். நீயும் உன் குட்டியும் தப்பிச்சீங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

மெல்லியின் நெஞ்சு ஒருமுறை துள்ளியது. எவ்வளவு எளிது! பொட்டு சற்றுத் தள்ளி ஒரு வண்டைத் துரத்திக்கொண்டிருந்தது. வண்டு நின்றதும் பயந்து பின்வாங்கியது. இந்தக் குட்டியா சுழியாற்றில் இறங்கும்?

வாயைத் திறந்தாள். சரி என்றுதான் சொல்ல வந்தாள்.

"வேண்டாம் அக்கா" என்றாள்.

"ஏன்டி?"

"அப்படிச் செஞ்சா இந்த வருஷம் ஆத்தைக் கடக்கமாட்டோம். ஆனா மணலத்திதான் இனிப்புன்னு ஒரு புதுப் பொய் வந்துரும். ஒருநாள் வெள்ளத்துல இந்தக் கரை இடிஞ்சு போகலாம். அப்போ அந்தப் பொய்யை நம்பி எல்லாரும் இங்கேயே நிப்பாங்க. யாரோட குட்டியோ போகும்."

"பாறையத்தி நிஜமாவே இனிப்பா இருந்துட்டா?"

"இருந்துட்டா…" மெல்லி சுரைக்குடுக்கையை அவள் கையில் கொடுத்தாள். "நீ கண்ணை மூடிக்கிட்டுக் கொட்டையை எடு அக்கா. திறந்துராதே."

மறுநாள் காலையில் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். கொம்பையா, முயலம்மா, கரடி, கடமான், ஆமை, மயில், பன்றியும் பன்றியின் மனைவியும், கடைசியில் ருசியப்பன் என்று பெரிய வரிசை. வழக்கத்தை விட முடியாது என்று எல்லோரும் பட்டினியாகவே வந்திருந்தார்கள். மெல்லி மறுக்கவில்லை. இருக்கிற வழக்கம் இருக்கட்டும், வரிசை மட்டும் மாறட்டும்.

ஒவ்வொருவரும் முதல் தொன்னையைத் தின்றார்கள். ஆற்றுத் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தார்கள். இரண்டாம் தொன்னையைத் தின்றார்கள். எது இனிப்பு என்று மெல்லியின் காதில் மட்டும் சொன்னார்கள். ஒருவர் சொன்னது அடுத்தவருக்குக் கேட்கக் கூடாது. இல்லாவிட்டால் எல்லோரும் ருசியப்பன் பின்னால் போய்விடுவார்கள்!

முதல் தொன்னை என்று சொன்னால் மெல்லி மணலில் கிழித்த கோட்டுக்கு மேலே ஒரு கூழாங்கல் வைத்தாள். இரண்டாம் தொன்னை என்றால் கீழே வைத்தாள்.

கரடி இரண்டு தொன்னையையும் இலையோடு சேர்த்து விழுங்கிவிட்டு, "இன்னொரு தரம் கொடுத்தாத்தான் சரியாச் சொல்ல முடியும்!" என்றது.

"ஒரு தரம்தான் அண்ணே!"

"அப்போ முதலாவது. தொன்னையும் நல்லாயிருந்துச்சு!"

ருசியப்பன் கண்ணை மூடி, வானத்தைப் பார்த்து, நெடுநேரம் மென்றார். "முதலாவதுதான் பாறையத்தி. சந்தேகமே இல்லை. தேனு!" என்று மெல்லியின் காதில் சொன்னார். சொன்னது பாதிக் காட்டுக்குக் கேட்டது. நல்லவேளை, வரிசையில் அவர்தான் கடைசி.

பன்னிரண்டும் முடிந்தன. மெல்லி கோட்டைப் பார்த்தாள். மேலே பதினொரு கல். கீழே ஒரே ஒரு கல். அது ஆமையுடையது.

ஆனால் இன்னும் முடியவில்லை. அந்த ஒரு கல்லுக்கு எந்தக் கொட்டை வந்திருக்கிறதோ!

சிங்காரி பாறைக்குப் பின்னாலிருந்து கொட்டைகளை எடுத்த வரிசைப்படியே கொண்டுவந்து ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் வைத்தாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கொம்பையாவின் கொம்பு கரடியின் காதில் இடித்தது.

"மணலத்தியை முதல்ல தின்னவங்க ஆறு பேர்" என்று சிங்காரி படித்தாள். "ஆறு பேரும் மணலத்திதான் இனிப்புன்னு சொல்லியிருக்காங்க. பாறையத்தியை முதல்ல தின்னவங்க ஆறு பேர். அதுல அஞ்சு பேர் பாறையத்தின்னு சொல்லியிருக்காங்க. ஆமையார் மட்டும் மணலத்தின்னு சொல்லியிருக்கார்."

"எனக்கு எல்லாமே கொஞ்சம் லேட்டாத்தான் இனிக்கும்" என்றது ஆமை.

"அப்போ மணலத்திக்கு ஏழு! பாறையத்திக்கு அஞ்சு! ஜெயிச்சிட்டோம்டி மெல்லி!" சிங்காரி குதித்தாள்.

மெல்லிக்கும் குதிக்க ஆசைதான். "இல்லை அக்கா" என்றாள். "ஆமையார் ஒருத்தர் மாத்திச் சொல்லியிருந்தா ஆறுக்கு ஆறு. நாளைக்குப் பார்த்தா பாறையத்திக்கு ஏழு வரலாம். அது ஜெயிப்பே இல்லை. ஆனா இந்தக் கோட்டைப் பாருங்க. மேலே பதினொண்ணு, கீழே ஒண்ணு. எந்த மரமா இருந்தாலும், முதல்ல தின்னதைத்தான் பதினொரு பேர் இனிப்புன்னு சொல்லியிருக்காங்க."

"அப்போ எந்தப் பழம் இனிப்பு?" என்றார் கொம்பையா.

"ரெண்டுக்கும் வித்தியாசம் நம்ம யார் நாக்குக்கும் தெரியலை பெரியய்யா."

முயலம்மா மெதுவாக முன்னால் வந்தாள்.

"போன வருஷமும் அப்படித்தானா?" என்று கேட்டாள். "போன வருஷமும் ரெண்டும் ஒண்ணுதானா?"

கொம்பையாவின் பெரிய தலை தரை வரைக்கும் தாழ்ந்தது. மெல்லி முயலம்மாவின் பக்கத்தில் போய் ஒட்டி நின்றாள்.

"இருங்க, இருங்க!" என்று ருசியப்பன் கத்தினார். "மத்தவங்க நாக்கு அப்படி இருக்கலாம். மூணு தலைமுறை நாக்கு இது! எனக்கு இன்னொரு தரம் கொடுங்க. மரத்தின் பேரோட சொல்றேன்!"

"கொடுத்தாப் போச்சு!" சிங்காரி பாறைக்குப் பின்னால் தாவினாள். சற்று நேரத்தில் இரண்டு தொன்னைகள் வந்தன.

ருசியப்பன் முதலாவதைத் தின்றார். முகம் மலர்ந்தது. "இது பாறையத்தி! உச்சந்தலைக்கு ஏறுது!" இரண்டாவதைத் தின்றார். முகம் சுளித்தது. "இது மணலத்தி. ஈரத் துணி! இப்போ என்ன சொல்றீங்க?"

பாறைக்குப் பின்னாலிருந்து சிங்காரியின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

"ஒரே பழம் மாமா! ரெண்டாப் பிளந்து ரெண்டு தொன்னையில வச்சேன்!"

மெல்லிக்கே அது தெரியாது. அவள் திகைத்துப் போனாள். முதலில் சிரித்தது கரடி. பிறகு பன்றிகள். பிறகு மயில்கூட, அழகு கெட்டுவிடும் என்பதை மறந்து சிரித்தது.

ருசியப்பன் தொன்னையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அழப்போகிறார் என்று மெல்லி பயந்தாள்.

"மாமா" என்று கிட்டே போனாள். "உங்க நாக்கு மேல தப்பில்லை. பொட்டுவும் இப்படித்தான்…"

"ஒண்ணு சொல்லவா?" என்றார் ருசியப்பன், தலை நிமிராமல். "எனக்கு ஆத்தைக் கடக்கவே பிடிக்காது. ஒவ்வொரு வருஷமும் கடந்ததும் ஜலதோஷம். ஒரு மாசம் மூக்கு அடைச்சுக்கும். எந்தப் பழமும் ருசிக்காது!"

"உங்களுக்குமா?" என்றது கடமான். "எனக்கு முட்டி பிடிச்சுக்கும்!"

"எனக்குத் தோகை நாசம்!" என்றது மயில்.

"என்னைச் சுழி ஒவ்வொரு வருஷமும் எங்கேயோ கொண்டுபோய் விட்டுரும். நடந்து வர்றதுக்குள்ளே மழைக்காலமே முடிஞ்சிரும்" என்றது ஆமை.

"பிறகு எதுக்குப் போனோம்?" என்று கொம்பையா உறுமினார்.

"பழம் இனிக்குதுன்னு!" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கொம்பையா நெடுநேரம் அசை போட்டார். பிறகு கேட்டார். "மெல்லி, அப்போ விருந்தாளிக்கு முதல் மரியாதை கொடுக்கிறது தப்பா?"

"விருந்துல தப்பே இல்லை பெரியய்யா. சோதனையில தப்பு."

"சரி. ருசியில வித்தியாசம் இல்லைன்னா ஆத்துல இறங்க வேண்டிய அவசியமும் இல்லை. யாரும் நகர வேண்டாம். இங்கேயே இருக்கோம்!" அவர் முயலம்மா பக்கம் திரும்பினார். முயலம்மாதான் பேசினாள். "என் ரெண்டு பேரும் உங்க நிழல்லயே படுத்துக்கட்டும்" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

நாலாம் நாள் காலையில் மழை கொட்டியது. சுழியாறு பழுப்பாகப் பொங்கி, வேரோடு பிடுங்கிய மரங்களைப் புரட்டிக்கொண்டு போனது. மணலத்தியின் அடியில் காட்டெருமைகள் வட்டமாக நின்றன. அந்த வட்டத்துக்குள் மெல்லி படுத்திருந்தாள். மழை பெய்யும் சத்தம் கேட்டது, ஆறு ஓடும் சத்தம் கேட்டது. வழக்கம்போல அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பொட்டு அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்து, வாயில் பாதி மென்ற அத்திப்பழத்தோடு தூங்கிக்கொண்டிருந்தது.

காலம் காலமாகச் செய்கிறோம் என்பதற்காகவும் பெரிய நாக்கு சொல்லிவிட்டது என்பதற்காகவும் எதையும் நம்பிவிடாமல், இரண்டு பக்கத்துக்கும் ஒரே நியாயம் வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகே நம் குழந்தைகளை ஆற்றில் இறக்க வேண்டும்.